அந்த ‘ஆல் மெயில்’ டிக்கை எடுத்துவிடுங்கள்: சிவகாசி வட்டார வணிக இல்லங்களுக்கு ஒரு திறந்த மடல்

சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், விருதுநகர் வட்டாரத்து அச்சக, பட்டாசு, தீப்பெட்டி, மண்டி உரிமையாளர்களுக்கும், அந்த அலுவலகங்களில் காலையில் வந்ததும் மெயில் பெட்டியைத் திறக்கும் பணியாளர்களுக்கும்,



ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் காலண்டர் ஆல்பத்துக்குப் பூஜை போடுவது வழக்கம். அடுத்த ஆண்டின் மாதிரிகள் அன்று முதல் ஏஜெண்டுகள் கைக்குப் போகும். பட்டாசு வியாபாரமும் அதையொட்டியே புது விலைப்பட்டியலோடு சூடு பிடிக்கும். அதன்பிறகு தீபாவளி வரை பட்டாசுக்காரருக்கும், மார்கழி முடியும் வரை காலண்டர்காரருக்கும் மூச்சு விட நேரமிருக்காது. ரேட் கேட்டு ஒரு மெயில், ப்ரூஃப் திருத்தி ஒரு மெயில், லாரி ரசீது கேட்டு ஒரு மெயில், பாக்கி நினைவூட்டி ஒரு மெயில் என்று பெட்டி நிரம்பிக்கொண்டே போகும். அதே பெட்டிக்குள் வங்கியின் ஓ.டி.பி.யும், ஆடிட்டரின் கேள்வியும், மகளின் கல்லூரிக் கட்டண ரசீதும் வந்து விழும்.

இந்தக் குழப்பத்துக்கு மருந்து என்று இப்போது பல நிறுவனங்கள் சி.ஆர்.எம். எனப்படும் வாடிக்கையாளர் மேலாண்மை மென்பொருளை வாங்குகின்றன. வாங்கியவுடன் செய்கிற முதல் காரியம், அலுவலக மெயிலை அதனுடன் இணைப்பது. கணினிக்காரத் தம்பி ஒருவர் வருவார். பாஸ்வேர்டு கேட்பார். நாலு இடத்தில் டிக் போடுவார். “முடிஞ்சது அண்ணாச்சி, இனி எல்லா மெயிலும் தானா உள்ள வந்துரும்” என்பார்.

இந்த மடலின் கவலை அந்த “எல்லா” என்ற சொல்லில்தான் இருக்கிறது. எந்த மெயில் சி.ஆர்.எம்.முக்குள் போக வேண்டும், எது போகவே கூடாது, போனதை யார் பார்க்கலாம் என்பவை தொழில் நடத்துகிறவர் எடுக்க வேண்டிய முடிவுகள். அவற்றை மென்பொருள் கேட்கும்போது, பெரும்பாலும் உரிமையாளர் அந்த அறையிலேயே இருப்பதில்லை.

இந்த மென்பொருளைத் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், புளியங்குடி தாண்டிப் போனால் தென்காசி. அதன் அருகே மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனத்தின் அலுவலகம் 2011 முதல் இயங்குகிறது. ஸ்ரீதர் வேம்புவும் கூட்டாளிகளும் 1996-இல் தொடங்கிய நிறுவனம் அது. அதன் சி.ஆர்.எம். 2005-இல் சந்தைக்கு வந்தது. 2010-இல் சென்னையில் ஃப்ரெஷ்டெஸ்க் என்ற பெயரில் பிறந்த ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021-இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பட்டியலானது. உலகம் வாங்குகிற சி.ஆர்.எம். மென்பொருள் தமிழ்நாட்டிலேயே செய்யப்படுகிறது. அதைத் தன் தொழிலுக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்வதில்தான் நம் வட்டாரம் பின்தங்கி நிற்கிறது.

இணைப்பு எப்படி நடக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்வது நல்லது. பல சி.ஆர்.எம்.கள் ஐமேப் என்ற முறையில் மெயில் பெட்டியைப் படிக்கின்றன. 1986-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிரிஸ்பின் வடிவமைத்த முறை அது. மெயில் அதன் சர்வரிலேயே இருக்கும். கைபேசி, கணினி, சி.ஆர்.எம். எல்லாம் அதே பெட்டியை வெவ்வேறு ஜன்னல் வழியாகப் பார்க்கும். சி.ஆர்.எம். ஒவ்வொரு மெயிலிலும் அனுப்பியவர் முகவரியையும் பெறுநர் முகவரியையும் எடுத்து, தன்னிடமுள்ள வாடிக்கையாளர் பட்டியலோடு ஒப்பிடும். பொருந்தினால் அந்தப் பார்ட்டியின் பக்கத்தில் மெயிலைக் கோத்துவிடும். பொருந்தாவிட்டால் என்ன செய்வது? வடிகட்டி அமைப்பின் முக்கியமான கேள்வி இதுதான். ஒவ்வொரு மென்பொருளும் இதற்கு ஒவ்வொரு விதமாக விடை கேட்கிறது.

மைக்ரோசாஃப்டின் டைனமிக்ஸ் 365 இதை வெளிப்படையாகவே கேட்கும். எல்லா மெயிலையும் எடுக்கவா, சி.ஆர்.எம்.மிலிருந்து போன மெயிலுக்கு வந்த பதிலை மட்டும் எடுக்கவா, ஏற்கெனவே பதிவிலுள்ள வாடிக்கையாளர்களின் மெயிலை மட்டும் எடுக்கவா, அல்லது ஒன்றையுமே எடுக்க வேண்டாமா என்று ஒவ்வொரு பயனரும் தேர்ந்தெடுக்கலாம். ஹப்ஸ்பாட் வேறு வழியில் போகிறது. பதிவே செய்யக்கூடாத முகவரிகளையும் டொமைன்களையும் கொண்ட ஒரு விலக்குப் பட்டியலை அதில் எழுதி வைக்கலாம். சேல்ஸ்ஃபோர்ஸிலும் அதேபோல் விலக்கு முகவரிகள் உண்டு. ஸோஹோவில் மெயில் தனக்கு மட்டுமா, மற்றவர் பார்வைக்குமா என்ற பகிர்வு அமைப்பு முக்கியம்; குறிப்பிட்ட டொமைன்களை அந்தப் பகிர்விலிருந்து விலக்கி வைக்கவும் முடியும்.

பெயர்கள் மாறினாலும் கேள்விகள் மூன்றுதான். எந்த ஃபோல்டரைப் படிக்க வேண்டும்? யாருடைய மெயிலை எடுக்க வேண்டும்? எடுத்ததை யாருக்குக் காட்ட வேண்டும்? கணினிக்காரத் தம்பி வருமுன் இந்த மூன்றுக்கும் ஒரு வெள்ளைத்தாளில் விடை எழுதி வைத்துவிட்டால், பாதி வேலை முடிந்ததாகக் கொள்ளலாம்.

முதலில் ஃபோல்டர். நம் வட்டாரத்தில் நிறைய நிறுவனங்கள் ஜிமெயிலில்தான் தொழில் நடத்துகின்றன. ஜிமெயிலில் ஃபோல்டருக்குப் பதில் லேபிள். கணினியில் ஜிமெயிலைத் திறந்து, செட்டிங்ஸில் ‘லேபிள்ஸ்’ பக்கத்துக்குப் போனால், ஒவ்வொரு லேபிளுக்கும் எதிரே ‘ஷோ இன் ஐமேப்’ என்று ஒரு சிறு கட்டம் இருக்கும். அதில் டிக் இருந்தால்தான் அந்த லேபிள் ஐமேப் வழியாக வெளியே தெரியும். ‘குடும்பம்’, ‘வங்கி’, ‘ஆடிட்டர்’ என்று லேபிள் போட்டு, டிக்கை எடுத்துவிட்டால் அவை மறைந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் அதே பக்கத்தில் ‘ஆல் மெயில்’ என்று இன்னொரு வரி இருக்கிறது. பெயருக்கு ஏற்றபடி, குப்பையும் ஸ்பேமும் தவிர்த்து எல்லா மெயிலும் அதற்குள் இருக்கும். அதன் டிக்கை எடுக்க மறந்தால், முன்வாசலைப் பூட்டியும் பின்வாசல் திறந்தே கிடக்கும். இன்னொன்று: சில சி.ஆர்.எம்.கள் ஐமேப்பை விட்டுவிட்டு கூகுளின் நேரடி இணைப்பு வழியாக மெயிலை எடுக்கின்றன. அப்படிப்பட்டவற்றுக்கு இந்த டிக் எதுவும் செல்லாது, சி.ஆர்.எம்.முக்குள்ளேயேதான் வடிகட்ட வேண்டும். எந்த வழியில் இணைக்கிறார் என்று தம்பியிடம் கேட்டுவிடுங்கள்.

அடுத்து, யாருடைய மெயில் என்ற கேள்வி. வெளிநாட்டு மென்பொருள்களின் வழிகாட்டிக் குறிப்புகள் பலவும் டொமைன் அடிப்படையில் வடிகட்டச் சொல்கின்றன. மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வருவதுதான் டொமைன். இராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்து ஏற்றுமதி செய்கிறவருக்கு இந்த அறிவுரை பொருந்தும். அவரிடம் வாங்குகிற வெளிநாட்டு நிறுவனத்துக்குச் சொந்த டொமைன் இருக்கும். அதை ஒரே வரியில் உள்ளே விடலாம். காலண்டர் அச்சகத்தின் கதை வேறு. அதன் பார்ட்டி கும்பகோணத்து நகைக்கடையாக இருப்பார், ஈரோட்டு ஜவுளிக்கடையாக இருப்பார், ஊர் மளிகைக்கடையாக இருப்பார். முக்கால்வாசிப் பேர் ஜிமெயில். அச்சக உரிமையாளரின் மைத்துனரும் ஜிமெயில்தான். ஜிமெயில் டொமைனை விலக்கினால் வியாபாரம் போச்சு. உள்ளே விட்டால் குடும்ப விவகாரமெல்லாம் விற்பனைப் பையனின் திரைக்கு வரும்.

ஆகவே, இங்கே விலக்குப் பட்டியலை முகவரி முகவரியாகத்தான் எழுத வேண்டும். அதை எழுதத் தகுதியானவர் முதலாளியும் அல்ல, மென்பொருள் விற்றவரும் அல்ல. வருடக்கணக்காக மெயில் பார்த்துவரும் அலுவலகப் பணியாளருக்குத்தான் எந்த முகவரி ஏஜெண்டு, எது ஆடிட்டர், எது முதலாளியின் நண்பர், எது பங்காளி வழக்கு நடத்துகிற வக்கீல் என்பது அத்துப்படி. அவரை உட்காரவைத்து, கடந்த ஒரு மாத மெயிலை மட்டும் மேலிருந்து கீழே பார்த்தால் போதும். பட்டியல் தானாக வந்துவிடும். பிறகு முதலாளி அதைப் பார்த்து ஒப்புதல் கொடுக்கலாம்.

இதைவிட எளிய வழியும் உண்டு. வாடிக்கையாளருக்கென்றே தனி முகவரி ஒன்றை வைத்து, விலைப்பட்டியலிலும் ஆல்பத்தின் பின்னட்டையிலும் பில்லிலும் அதையே அச்சிட்டு, அந்தப் பெட்டியை மட்டும் சி.ஆர்.எம்.முடன் இணைப்பது. அச்சிடுவது உங்கள் தொழில், செலவு ஒன்றுமில்லை. பழைய பார்ட்டிகள் பழைய முகவரிக்கே எழுதிக்கொண்டிருப்பார்கள் என்பது உண்மைதான். அவர்கள் பெயரில் மட்டும் பழைய பெட்டியிலிருந்து புதிய பெட்டிக்குத் தானாகத் திருப்பிவிடும் விதியை எழுதலாம்.

டொமைன் வடிகட்டியில் இன்னொரு கண்ணி இருக்கிறது. பட்டாசு விற்பனையாளர்கள் இதில் விழ வாய்ப்பு அதிகம். 2018 அக்டோபர் 23 அன்று அர்ஜுன் கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம், இணைய வணிகத் தளங்கள் பட்டாசு ஆர்டர் எடுப்பதைத் தடை செய்தது. உரிமம் பெற்ற வணிகர்கள் வழியாகத்தான் விற்பனை நடக்க வேண்டும் என்பது அந்த உத்தரவு. விலைப்பட்டியலும் விசாரணைப் படிவமும் கொண்ட வலைத்தளங்கள் மட்டும் சீசனுக்குச் சீசன் முளைத்துக்கொண்டே இருக்கின்றன. படிவத்தை நிரப்பியவுடன் தளம் தன் சொந்த முகவரியிலிருந்தே அலுவலகத்துக்கு ஒரு மெயில் அனுப்பும். கேட்டவரின் முகவரி மெயிலின் உடம்புக்குள் இருக்கும்; அனுப்புநர் இடத்தில் இருப்பதோ நிறுவனத்தின் சொந்த டொமைன்.

இப்போது சி.ஆர்.எம். என்ன செய்யும் என்று பாருங்கள். அலுவலகத்துக்குள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் மெயில் உள்ளே வர வேண்டாம் என்று சொந்த டொமைனை விலக்கிவைப்பது பொதுவான நல்ல வழக்கம். சில மென்பொருள்கள் அதைத் தாமாகவே செய்துவிடும். அந்த விதி போட்ட அன்றே படிவம் வழியாக வந்த அத்தனை விசாரணையும் சத்தமில்லாமல் வெளியே நின்றுவிடும். விலக்காவிட்டாலும் சிக்கல்தான்: நூறு பேர் கேட்ட விசாரணையும் ‘வெப்சைட்’ என்ற ஒரே வாடிக்கையாளரின் பக்கத்தில் குவியும். தீர்வு, படிவத்தை மெயில் வழியாக விடாமல் நேராக சி.ஆர்.எம்.மோடு இணைப்பது. அநேகமாக எல்லா சி.ஆர்.எம்.மிலும் இதற்கான படிவ வசதி உண்டு. முடியாவிட்டால், பதில் போக வேண்டிய முகவரியான ‘ரிப்ளை டு’வில் கேட்டவரின் முகவரி பதியும்படி வலைத்தளக்காரரைச் செய்யச் சொல்லலாம். சி.ஆர்.எம். அதைப் படிக்கிறதா என்று ஒரு மெயில் விட்டுப் பார்த்துவிட வேண்டும்.

பட்டாசு விற்பதாகப் போலித் தளம் தொடங்கி முன்பணம் பறிக்கும் கும்பல்களைப் பற்றித் தமிழ்நாடு இணையவழிக் குற்றப்பிரிவு 2024 தீபாவளிக்கு முன் பொதுமக்களை எச்சரித்தது. உண்மையான நிறுவனத்தின் பெயரில் ஓரெழுத்து மாற்றிய டொமைன் இவர்களுக்குக் கைவந்த கலை. வடிகட்டியில் நிறுவனப் பெயரை மட்டும் கொடுத்து, ‘இந்தச் சொல் இருந்தால் உள்ளே விடு’ என்று எழுதினால் அப்படிப்பட்ட போலியும் நல்ல பார்ட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும். வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது என்று ஒரு மெயில் அந்தப் பக்கத்திலிருந்து வந்தால், பணியாளர் நம்பாமல் என்ன செய்வார்? டொமைனை முழுதாக, எழுத்துப் பிசகாமல் கொடுப்பதே பாதுகாப்பு.

சொல்லை வைத்து வடிகட்டுவது பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். ‘கொட்டேஷன்’ என்ற சொல் தலைப்பில் இருந்தால் உள்ளே எடு என்று விதி எழுதுவது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சிவகாசி டி.டி.பி. அறைகளில் இன்னமும் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்கள் புழங்குகின்றன. பாமினி போன்ற எழுத்துருவில் அடித்ததை அப்படியே மெயிலில் ஒட்டினால், மறுமுனையில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் வரும்; வடிகட்டிக்கு அது தமிழே அல்ல. யூனிகோடிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ‘கொ’ என்பதிலுள்ள உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் பதியலாம்; ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவுக்கு மாற்றிக்கொள்ளாத மென்பொருள், ஒன்றைப் பிடித்து மற்றதைக் கோட்டைவிடும். இதற்குமேல் கொட்டேஷன், கொட்டேசன், கோட்டேஷன், வெறும் ‘ரேட்’ என்று ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு விதமாக எழுதும். சொல் வடிகட்டியை லேபிள் ஒட்டி வரிசைப்படுத்த வைத்துக்கொள்ளலாம். உள்ளே விடுவதா வெளியே நிறுத்துவதா என்ற முடிவை அதனிடம் விடாதீர்கள்.

தானாகத் தொடர்பு உருவாக்கும் வசதி இன்னொரு வம்பு. பட்டியலில் இல்லாத புதியவர் மெயில் அனுப்பினால் அவரைப் புது வாடிக்கையாளராகத் தானே சேர்த்துக்கொள்ளும் தேர்வு பல மென்பொருளில் உண்டு. சீசன் நேரத்தில் கைவேலை மிச்சம் என்று அதைத் திறந்துவிடுவார்கள். சில நாளில் பட்டியலைத் திறந்து பார்த்தால் வங்கியின் ‘நோ ரிப்ளை’ முகவரி ஒரு வாடிக்கையாளர், ஜி.எஸ்.டி. தளம் ஒரு வாடிக்கையாளர், மின்கட்டண அறிவிப்பு ஒரு வாடிக்கையாளர். வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அந்த வங்கி ‘வாடிக்கையாளரின்’ பக்கத்தைத் திறக்கும் எந்தப் பணியாளருக்கும் அங்கே வந்த ஓ.டி.பி.யும் கணக்கு அறிக்கையும் கண்ணுக்குத் தெரியும். வங்கி, வரி, பாஸ்வேர்டு மாற்றம் தொடர்பான முகவரிகளை முதல் நாளே விலக்குப் பட்டியலில் சேர்ப்பது கட்டாயம்.

பட்டாசு ஆலைகளுக்கு இந்தப் பட்டியலில் ஒரு வரி கூடுதல். வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறையான பெசோவின் உரிமக் கடிதங்களும், பசுமைப் பட்டாசு தொடர்பாக நாகபுரியின் நீரி ஆய்வு நிறுவனத்திலிருந்து வரும் மெயில்களும் விற்பனைப் பதிவுகளோடு சேரக் கூடாது. ஆனால் தவறவிடவும் கூடாதவை அவை. சி.ஆர்.எம்.மிலிருந்து விலக்கிய கையோடு, பொறுப்பான ஒருவர் தினமும் பார்க்கிற தனி லேபிளுக்கு அவற்றைத் திருப்பிவிடும் விதியையும் சேர்த்தே எழுத வேண்டும். விலக்குவது மட்டும் நடந்து, திருப்பிவிடுவது மறந்துபோனால் உரிமப் புதுப்பிப்புக் கடிதம் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும்.

விருதுநகர் மண்டிக்காரர்களுக்குப் பிரச்சினை வேறு முகத்தோடு வரும். பருப்பு, மிளகாய் வத்தல், எண்ணெய் என்று அங்கே வாங்குகிற ரேட்டும் விற்கிற ரேட்டும் ஒரே நாளில் மாறும். வடநாட்டு விற்பனையாளர் அனுப்பிய கொள்முதல் ரேட்டும், மதுரைக் கடைக்காரருக்குக் கொடுத்த விற்பனை ரேட்டும் ஒரே சி.ஆர்.எம்.மில் எல்லார் பார்வைக்கும் திறந்து கிடந்தால், ஏஜெண்டுக்கு உங்கள் லாபம் எத்தனை என்று கணக்குப் போட்டுக் காட்டியதுபோல் ஆகும். சரக்கு தருகிறவர்களின் மெயிலை விற்பனைக் குழுவின் பார்வையிலிருந்து பிரிப்பது இங்கே முதல் விதியாக இருக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வியான பகிர்வுக்கு இப்படித்தான் வந்து சேர்கிறோம். கந்தகத்தையும் குளோரேட்டையும் கலந்த வெடிமருந்துக்குச் சட்டமே தடை விதித்திருக்கிற ஊர் இது. எதை எதோடு சேர்க்கக் கூடாது என்று இந்த ஊருக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அச்சகத்திலும் அப்படிச் சேரக் கூடாதவை உண்டு. தேர்தல் காலத்தை நினைத்துப் பாருங்கள். எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் ஒரே அச்சகத்தில் போஸ்டர் அடிப்பார்கள். 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 127ஏ-யின்படி, போஸ்டரில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். வெளியிடுபவர், தன்னை நேரில் அறிந்த இருவரின் சான்றோடு உறுதிமொழியை இரண்டு பிரதியாகத் தர வேண்டும். அதில் ஒன்றையும் அச்சிட்ட போஸ்டரின் பிரதியையும் அச்சகம் உரிய தேர்தல் அதிகாரிக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ அனுப்ப வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ, 2,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும்.

அந்த உறுதிமொழியின் ஸ்கேனும் டிசைனும் இப்போது மெயிலில்தான் வருகின்றன. உறுதிமொழி தொலையாமல் இருக்க, அவை சி.ஆர்.எம்.மில் அந்தந்தப் பார்ட்டியின் பக்கத்தில் பதிவாவது நல்லது. அதே நேரம், ஒரு கட்சியின் வேலையைப் பார்க்கும் டி.டி.பி. ஆபரேட்டருக்கு மறு கட்சியின் வெளிவராத வாசகம் தெரியத் தேவையில்லை. போட்டி நகைக்கடைகளின் ஆடித் தள்ளுபடி நோட்டீஸுக்கும், போட்டி மசாலா நிறுவனங்களின் புது லேபிளுக்கும் இதே விதிதான். எடுக்கலாமா என்ற வடிகட்டிக்கு ‘ஆம்’ என்ற பதிலும், எல்லாருக்கும் காட்டலாமா என்ற பகிர்வுக்கு ‘வேண்டாம்’ என்ற பதிலும் ஒரே மெயிலுக்குப் பொருந்தும். இரண்டையும் ஒரே சுவிட்சாக நினைப்பதுதான் பல இடங்களில் தவறாகப் போகிறது.

இனி இது நல்லெண்ணத்தோடு மட்டும் நிற்கிற விஷயமாகவும் இருக்காது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. பெரும்பாலான கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. தனிநபர் விவரங்களுக்குத் தகுந்த பாதுகாப்பு வைக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம் என்கிறது சட்டம். தேவையில்லாத மெயிலை உள்ளே எடுக்காமல் இருந்தால், பாதுகாக்க வேண்டிய சுமையும் அந்த அளவுக்குக் குறையும்.

எப்போது செய்வது? ஆடியில் ஆரம்பித்து ஐப்பசிக்குள் அமைப்பை மாற்றத் துணியாதீர்கள். தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகள் ஓய்வெடுக்கும் வாரங்கள் பட்டாசுக்காரருக்கு வாய்ப்பானவை. பொங்கல் கழிந்த தை, மாசி காலண்டர்காரருக்குப் பொருந்தும். முதலில் இணைக்கும்போது பல மென்பொருள்கள், பழைய மெயிலை எத்தனை நாள் பின்னோக்கி எடுக்கட்டும் என்று கேட்கும். ஆசைப்பட்டு ‘முழுவதும்’ என்று சொல்லிவிட வேண்டாம். ஏனென்றால், விலக்குப் பட்டியலைப் பின்னால் சேர்த்தால் அன்று முதல் வருகிற மெயில்தான் நிற்கும். முன்பே உள்ளே போனது பொதுவாகத் தானாக வெளியேறாது; ஒவ்வொன்றாகத் தேடி அழிக்க வேண்டும். வடிகட்டி முதலில், பழைய மெயில் பிறகு என்ற வரிசையை மாற்றக் கூடாது.

சோதனைக்கும் பெரிய ஏற்பாடு வேண்டாம். ஒரு பார்ட்டி முகவரி, ஒரு குடும்ப முகவரி, ஒரு புது முகவரி, வலைத்தளப் படிவம் என நான்கு வழியிலும் ஒவ்வொரு மெயில் அனுப்பிப் பாருங்கள். எது எங்கே போய் விழுந்தது என்று முதலாளியின் கணக்கிலும் விற்பனைப் பணியாளரின் கணக்கிலும் தனித்தனியே திறந்து பார்க்க வேண்டும். முதலாளியின் திரையில் மட்டும் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். அவருக்குத்தான் எல்லாவற்றையும் பார்க்கும் அனுமதி இருக்கிறதே. ப்ரூஃப் கோப்புகளையும் அப்போதே கவனியுங்கள். ஜிமெயிலில் 25 எம்.பி.க்கு மேல் இணைப்பு போகாது என்பதால் பெரிய டிசைன்கள் லிங்க்காக வரும். சி.ஆர்.எம்.மில் அந்த லிங்க் மட்டும்தான் பதிவாகும். கோப்புப் பகிர்வுத் தளங்களின் இலவச லிங்க்குகள் சில நாளில் செத்துப்போகும். ஒப்புதலான ப்ரூஃபை இறக்கிப் பார்ட்டியின் பக்கத்தில் தனியாகச் சேர்க்கும் வேலையை யாராவது ஒருவர் பெயரில் எழுதிவிட வேண்டும். “இந்தக் கலரை நான் ஓகே சொல்லவே இல்லையே” என்று பார்ட்டி சண்டைக்கு வரும் நாளில் அது தேவைப்படும்.

1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட, அச்சுத் தொழில் இங்கே வேரூன்றியது. ஒருவர் கற்றதை ஊரே பயன்படுத்திக்கொள்வது இந்த வட்டாரத்தின் பலம். மெயில் விஷயத்தில் மட்டும் ஒவ்வொரு அலுவலகமும் தனித்தனியே தடுமாற வேண்டிய அவசியம் இல்லை. அதனால் இந்த மடல் தொழில் சங்கங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறது. பட்டாசு உற்பத்தியாளர் சங்கமான டான்ஃபாமாவும், சிவகாசி மாஸ்டர் பிரிண்டர்ஸ் அசோசியேஷனும் தங்கள் உறுப்பினர்களுக்காக ஒரு பொது விலக்குப் பட்டியலைத் தயாரிக்கலாம். எல்லா அலுவலகங்களுக்கும் பொதுவான வங்கி, வரி, மின்வாரிய, பெசோ, நீரி டொமைன்கள் அதில் இருந்தால் போதும். குடும்பத்து முகவரிகளை அவரவர் சேர்த்துக்கொள்வார்கள். அதோடு, ஐமேப் டிக் எங்கே இருக்கிறது, பகிர்வை எங்கே மாற்றுவது என்று திரையின் படத்தோடு தமிழில் இரண்டு பக்கத் துண்டறிக்கை ஒன்றும் வேண்டும். அதை அடிக்க ஊரில் அச்சகத்துக்குப் பஞ்சமில்லை. அடுத்த ஆடிப்பெருக்குக்கு ஆல்பம் வெளிவருமுன் அது ஒவ்வொரு அலுவலகத்தின் கணினி மேசைக்கும் வந்துசேர வேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டாம் என்று நினைக்கிறவர்கள், இன்றைக்கே உங்கள் சி.ஆர்.எம்.மில் விற்பனைப் பணியாளர் ஒருவரின் கணக்கைத் திறந்து, தேடல் கட்டத்தில் ‘ஓ.டி.பி.’ என்று தட்டிப் பாருங்கள்.

இப்படிக்கு,
இந்த வட்டாரத்துத் தொழில்களைக் கவனித்துவரும் பத்திரிகையாளர் ஒருவர்